பிறர் பாட்டும் நம் மேடையும்

பாட்டின்றி நடைபெறும் வைபவம் தமிழ்நாட்டில் ஒன்றேனும் உளதோ என்பது ஐயமே. தொட்டிலில் இட்ட குழந்தைக்குத் தாலாட்டு, மணமக்களுக்கு ஊஞ்சற்பாட்டு, வயலில் நடவுப்பாட்டு, இறுதியில் ஒப்பாரி. இவற்றை ஆக்கியோர் யாவர் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்பினும் விடை கூறுவார் இலர். பாட்டென்பது ஆற்றுநீர் போல் எல்லார்க்கும் பொது என்னும் எண்ணம் நம்மவர் உள்ளத்தில் ஆழ ஊன்றியிருப்பதற்கு இதுவே காரணம் போலும். ஆயின் ஆற்றுநீர் வேறு. ஒருவன் பொருளும் உழைப்பும் செலவிட்டு அகழ்ந்த கிணற்றுநீர் வேறு. இன்று நம் மேடைகளிற் பாடப்பெறும் பாட்டுக்களிற் பெரும்பாலன இன்னார் எழுதியவை, இன்னார் இசையமைத்தவை என்று அறியப்பட்டனவே. பலர் கூடிய அவையில் அவற்றைப் பாடும்போது ஆக்கியோர்க்கு நாம் யாதேனும் கடப்பாடு உடையோமா? உடையோமாயின் அதனைத் தீர்க்க வேண்டியவர் யார்? பாடுபவரா, பாடுவிப்பவரா? இரண்டாவது வினாவே என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. நம்மவர் இதனைக் குறித்துப் பேசும்போதெல்லாம் முதல் வினாவோடு நின்றுவிடுவதைக் காண்கிறேன்.

பொதுவிடத்துப் பாட்டைப் பற்றி மேல்நாட்டில் இவ்வழக்கு எழுந்த வகை சுவையுடையது. 1847ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து உண்டிச்சாலை ஒன்றில் எர்னெஸ்ட் பூர்ஷே என்னும் பாடலாசிரியர் தம் நண்பர்களோடு அமர்ந்து பானம் அருந்தினார். அங்கிருந்த வாத்தியக்காரர்கள் அவர் பாட்டுக்களையே பாடியும் வாசித்தும் வந்தவர்களை மகிழ்வித்துக்கொண்டிருந்தனர். பணியாள் பானத்துக்கு விலை கேட்டபோது பூர்ஷே கொடுக்க மறுத்தார். தம் பாட்டைக்கொண்டு வாடிக்கைக்காரரை வரவழைக்கும் கடைக்காரர் அதற்கு விலை கொடாதபோது, தாம் மட்டும் பானத்துக்கு விலை கொடுப்பானேன் என்பது அவர் வாதம். வழக்கு நீதிமன்றம் சென்றது; தீர்ப்பு அவர் பக்கமாயிற்று. 1851இல் பாடலாசிரியரும் இசையாசிரியரும் பதிப்பாளரும் சேர்ந்து அந்நாட்டில் ஒரு சங்கம் நிறுவினர். அஃது இன்றும் நடைபெறுகின்றது. அத்தகைய சங்கம் இங்கிலாந்தில் 1914இல் தோன்றியது. இக்கதையில் வாசகர் கருத வேண்டுவது ஒன்று. பூர்ஷே மேடையிற் பாடினவனிடம் சண்டைக்குச் சென்றாரில்லை. கல்லாப்பெட்டிக்கு உரியவனிடமே சென்றார்.

நிற்க. நம் நாட்டு நிலையைப் பார்ப்போம். யான் வசிக்கும் ஊரப்பாக்கம் தாம்பரத்துக்குத் தெற்கே, வண்டலூரைக் கடந்து, பெருஞ்சாலையையும் இருப்புப்பாதையையும் ஒட்டியுள்ள ஊர். ஏரியும் கழனியுமாய்க் கிடந்த பக்கமெல்லாம் வீடுகளும் கல்யாண மண்டபங்களுமாகிவிட்டன. ஆடித் திங்களில் அம்மன் கோயில் வாயிலில் ஒரு மேடை. முகூர்த்த நாளில் மண்டபத்தில் ஒரு மேடை. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஒரு மேடை. மேடையே இல்லாத உண்டிச்சாலையிலும் ஒலிபெருக்கி உண்டு. ஒரே சினிமாப் பாட்டு இந்நான்கிடத்தும் ஒரே வாரத்தில் ஒலிக்கக் கேட்கலாம். பாட்டு ஒன்றாயினும், சட்டத்தின் கண்ணுக்கு இந்நான்கும் ஒன்றல்ல.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பாட்டைப் பலர் முன்னிலையில் நிகழ்த்தும் உரிமையை அதன் உரிமையாளர்க்கே தருகிறது. பின்னர் 52ஆம் பிரிவில் நீண்டதொரு விலக்குப் பட்டியலையும் தருகிறது. அப்பட்டியலைப் படியாதவரே இருவகைப் பிழைபட்ட எண்ணம் கொள்கின்றனர். ஒரு சாரார் எங்கும் எதனையும் பாடலாம் என்பர்; மற்றொரு சாரார் வீட்டு முற்றத்திற் பாடினாலும் நோட்டீஸ் வரும் என்று அஞ்சுவர். வீட்டிற் பாடுவதைப் பற்றிச் சட்டத்துக்குக் கவலையே இல்லை. கல்யாணத்துக்கும் அச்சமில்லை. மெய்யான சமயச் சடங்கில் நிகழும் பாட்டுக்கு விலக்களித்து, அச்சடங்கு என்னும் சொல்லுள் கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தைச் சார்ந்த பிற கொண்டாட்டங்களும் அடங்கும் என்று சட்டமே விளக்கம் கூறுகின்றது. அங்ஙனமிருந்தும் மண்டபங்களிலும் ஹோட்டல்களிலும் கட்டணம் கேட்கப்படுகிறதென்னும் முறையீடுகள் எழுந்தமையால், 2023 ஜூலைத் திங்களில் மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை, கல்யாணத்துக்காக உரிமைத்தொகை கேட்பது சட்டத்துக்கு முரணானது என்று அறிக்கை வெளியிட நேர்ந்தது.

கோயில் மேடையின் நிலை அவ்வளவு தெளிவுடையதன்று. தேவாரம் ஓதுவார்க்கும் அம்மன் தாலாட்டுப் பாடுவார்க்கும் ஐயமே இல்லை. ஆனால் நள்ளிரவில் வாடகைக்கு அமர்த்திய மெல்லிசைக் குழுவினர் காதற்பாட்டுப் பாட, இளைஞர் கூட்டம் ஆட, அதுவும் மெய்யான சமயச் சடங்கின் பகுதிதானோ என்பதை நீதிபதி ஒருவர்தாம் கூற வேண்டும். அம்மனைக் கேட்டு அறிதல் இயலாது. தொழில்முறையல்லாத சங்கத்தினர் சீட்டு விலையின்றி வந்தவர்க்காகவோ, சமய நிறுவனம் ஒன்றன் நன்மைக்காகவோ பாடினால் அதற்கும் விலக்குண்டு. கூலி பெற்றுப் பாடும் குழுவை அவ்விலக்குத் தாங்குமென்று சொல்வதற்கில்லை. உண்டிச்சாலை ஒலிபெருக்கிக்கோ ஒரு விலக்கும் இல்லை. அது பூர்ஷேயின் பாரிஸ் கடையேயாம்.

கலாசாலை மேடையை நாம் தனியாகக் கருத வேண்டும். கல்வி நிலையத்தின் அலுவல்களை ஒட்டி அதன் ஆசிரியரும் மாணாக்கரும் பாடுவதையும் நடிப்பதையும் 52ஆம் பிரிவு அனுமதிக்கின்றது. ஆசிரியர், மாணாக்கர், அவர்தம் பெற்றோர், பாதுகாவலர், நிலையத்தின் அலுவல்களோடு தொடர்புடையோர் ஆகியோரே அவையினராதல் வேண்டும் என்னும் எல்லையும் அங்கே கூறப்பட்டுள்ளது. ஆகவே விடுதி நாளில் மாணாக்கன் ஒருவன் இளையராஜாவின் பாட்டொன்றைப் பாடினால் அவன் ஒருவர்க்கும் கடன்பட்டவனல்லன். அதே முற்றத்தில் வெளியார்க்குச் சீட்டு விற்று, விளம்பரக் கம்பெனிகளின் பெயர்களைத் திரைமேல் எழுதி, பெயர்பெற்ற பாடகரை வரவழைத்து நடத்தும் இரவுக் கச்சேரி இவ்விலக்கைக் கடந்துவிடுகிறது. கட்டடம் ஒன்றே, மரங்களும் அவையே. மாறியது பணம் வந்து சேரும் வழி.

இனி, பாட்டின் உரிமை யார் கையிற் போய்ச் சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இதற்குப் பாரதியார் வரலாற்றினும் சிறந்த பாடம் நமக்கில்லை. 1920இல் அவர் தம் நூல்களையெல்லாம் 40 பகுதிகளாகவும், பகுதிக்கு 10,000 பிரதியாகவும் அச்சிட்டு, மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல் வீடுதோறும் பரவச் செய்யத் திட்டமிட்டு நண்பர்க்கு எழுதினார். திட்டம் நிறைவேறவில்லை, 1921 செப்டம்பரில் அவர் காலமானார். அக்காலத்தில் வழங்கிய 1914ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆக்கியோன் இறந்தபின் 50 ஆண்டு உரிமை நிற்கும். நூற்பதிப்பு உரிமை அவர் மனைவியார் செல்லம்மாளின் கையை விட்டு நீங்கி, நாளடைவில் கவிஞரின் தம்பி சி. விசுவநாதனிடம் தங்கியது. இசைத்தட்டு முதலியவற்றுக்குரிய பாத்தியதையோ தனியே பிரிந்து சென்னை நகை வணிகர் ஒருவரிடம் போய், அவரிடமிருந்து ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. பாட்டொன்று வயற்காணி போல் பாகம் பிரிக்கப்பட்டு, அச்சுக்கு ஒருவர், தட்டுக்கு ஒருவர் என்று உரிமையாளர் ஏற்பட்டதை அன்றைய தமிழர் முதன்முறையாக அறிந்தனர் எனலாம்.

1947இல் மெய்யப்பரின் ‘நாம் இருவர்’ படத்தில் டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாட்டுக்கள் நாடெங்கும் ஒலித்தன. அடுத்த ஆண்டில் டி. கே. எஸ். சகோதரர்களின் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதியார் பாட்டொன்று இடம்பெற்றபோது மெய்யப்பர் தம் உரிமையை நாட்டினார். டி. கே. சண்முகம் பணிந்தாரில்லை. பாரதியைத் தனியொருவர் சொத்தாக வைத்திருத்தல் தகுமோ என்னும் கேள்வி பத்திரிகைகளிலும் மேடைகளிலும் எழுந்தது. நாரண. துரைக்கண்ணன் முதலிய எழுத்தாளர்கள் பாரதி விடுதலைக் கழகம் அமைத்துக் கிளர்ச்சி செய்தனர். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் மந்திரிசபை 1949இல் அவ்வுரிமைகளை அரசுடைமையாக்கியது. மெய்யப்பர் தம் பங்கை விலையின்றியே விட்டுக்கொடுத்தார். பின்னர் அப்பாட்டுக்கள் மக்கள் எல்லார்க்கும் பொதுவாயின.

இது நம் நாட்டுக்குப் பெருமை தருவதே. ஆயினும் இதிலிருந்து நம்மவர் கற்ற பாடம் பாதிதான் என்பேன். மகாகவியின் பாட்டு மக்களுக்குரியது என்பதைக் கற்றோம். அப்பாட்டினால் முதலிற் பயனடைந்திருக்க வேண்டிய குடும்பம் எவ்வளவு எளிதில் அதனை இழந்தது என்பதை மறந்தோம். வறுமையில் வாடுவோன் உரிமையை விற்கும்போது விலை பேசும் வலி அவனிடம் இல்லை. பாட்டின் மதிப்பு பின்னாளிற் பதின்மடங்கு உயரினும், அவ்வுயர்வு வாங்கினவன் வீட்டுக்கே செல்லும். அரசாங்கம் ஒரு பாரதியாரை விலைக்கு வாங்கி விடுவிக்கலாம். எழுதுவோர் அனைவரையும் வாங்குதல் இயலுமோ?

வங்காளத்தில் நடந்தது வேறுவகை. இரவீந்திரநாதர் 1941இல் மறைந்தார். அவர் பாட்டுக்களின் உரிமை விசுவபாரதியிடம் இருந்தது. 50 ஆண்டு முடியும் தறுவாயில் இந்திய அரசு சட்டத்தைத் திருத்தி 60 ஆண்டாக்கியது. ஆகவே 2001இல்தான் அவை பொதுவாயின. அதுவரை அவர் பாட்டை இசைத்தட்டில் எங்ஙனம் பாட வேண்டுமென்பதையும் அந்நிறுவனத்தின் சங்கீதக் குழு ஆராய்ந்து ஒப்புதல் அளித்து வந்தது. தேவவிரத பிசுவாஸ் என்னும் புகழ்பெற்ற பாடகர் தம் பாடல் முறை அக்குழுவுக்கு உடன்பாடாகாமையால் மனம் நொந்து பதிவு செய்வதையே கைவிட்டார். உரிமை காசளவில் நில்லாமல் குரலையும் ஆளத் தொடங்கினால் நேர்வது இது. பாரதி பாட்டைச் சுதேசமித்திரன் காலத்து மெட்டிலும் பாடலாம், நேற்றுப் பிறந்த மெட்டிலும் பாடலாம் என்னும் நம் உரிமை எத்தகைய பேறு என்பது இதனோடு ஒப்பிட்டால் விளங்கும்.

60 ஆண்டு என்னும் கணக்கு நம் சபைகளிலும் சரிவர அறியப்படவில்லை. தியாகையர், தீட்சிதர் காலத்தோடு கர்நாடக சங்கீதம் முழுவதையும் சேர்த்தெண்ணி, எல்லாம் பொதுச்சொத்து என்று கருதுவோர் பலர். பாபநாசம் சிவன் காலமானது 1973இல். ஆக்கியோன் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து எண்ண வேண்டும் என்பது சட்டம். ஆதலின் 2033ஆம் ஆண்டு முடியுமளவும் அவர் கீர்த்தனங்கள் உரிமைக்குட்பட்டனவே. பட்டுக்கோட்டை கலியாணசுந்தரம் 1959இல் இளமையிலேயே இறந்தார். அவர் சொற்களுக்கு 2019ஆம் ஆண்டோடு தடை நீங்கியது. ஆயின் 1958இல் வெளிவந்த ‘பதிபக்தி’யில் அச்சொற்களுக்கு மெட்டமைத்தோர் விசுவநாதன், இராமமூர்த்தி இருவர். அவருள் பின்னர் மறைந்த விசுவநாதன் காலமானது 2015இல். ஆகவே சொல்லைப் படித்தால் தடையில்லை; அதே மெட்டிற் பாடினால் கணக்கு 2075 வரை செல்லும். இசை வேறு, சொல் வேறு என்று சட்டம் பிரித்து வைத்ததன் விளைவு இது. பாடுகின்றவன் நாவில் இவ்விரண்டும் பிரிந்தா நிற்கின்றன என்று வாசகர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே, சட்டம் செவிக்காகச் செய்யப்பட்டதன்று.

செவிக்காகச் செய்யப்படவில்லை என்பதற்கு இன்னும் வலிய சான்றும் உண்டு. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தில் இசை என்பதற்குக் கூறிய இலக்கணம், எழுத்திலோ அச்சிலோ குறியீடாகப் பதிக்கப்பட்டதையே கருதியது. குருமுகமாகக் கேட்டுக் கற்று, ஆர்மோனியப் பெட்டியை மடியருகே வைத்துக்கொண்டு வாயாற் சொல்லி மெட்டமைக்கும் இந்நாட்டில் அவ்விலக்கணம் எவ்வளவு பொருந்தும் என்பதை யான் சொல்ல வேண்டுவதில்லை. 1977இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கில், பட முதலாளி கூலி கொடுத்து எழுதுவித்த பாட்டுக்கும் இசைக்கும், வேறு ஒப்பந்தம் இல்லையாயின், அம்முதலாளியே முதல் உரிமையாளர் என்று தீர்ப்பாயிற்று. அத்தீர்ப்போடு நீதிபதி கிருஷ்ணய்யர் ஒரு குறிப்பையும் சேர்த்தார்: பாடுவோன் குரலுக்கும் பாடும் நயத்துக்கும் நம் சட்டத்தில் இடமில்லையே என்பது அவர் வருத்தம். ஏட்டில் எழுதியதே இசை என்னும் விதி 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கியது. நிகழ்த்துவோர்க்கு உரிமையும் அப்போதே பிறந்தது. பாடலாசிரியரும் மாநிலங்கள் அவை உறுப்பினருமான ஜாவேத் அக்தர் முதலியோரின் முயற்சியால் 2012இல் மற்றொரு திருத்தம் வந்தது. கொட்டகையிற் படத்தோடு காட்டுவதை ஒழித்து, வேறெவ்வகையிற் பாட்டைப் பயன்படுத்தினாலும் வரும் உரிமைத்தொகையில் எழுதினவர்க்கும் இசையமைத்தவர்க்கும் சமபங்கு உண்டு. அதனை வாரிசுக்கோ உரிமைச் சங்கத்துக்கோ அன்றிப் பிறர்க்கு எழுதிக்கொடுத்தாலும் செல்லாது என்பது அதன் சாரம். செல்லம்மாளின் காலத்தில் இத்தகைய விதியொன்று இருந்திருப்பின் என்று எண்ணாதிருக்க இயலவில்லை.

இப்பின்னணியில் 2017 மார்ச்சுத் திங்களில் நிகழ்ந்ததை நோக்குவோம். எஸ். பி. பாலசுப்பிரமணியம் தம் பாட்டு வாழ்வின் 50ஆம் ஆண்டைக் கொண்டாடி அமெரிக்காவிற் கச்சேரி செய்து வந்தார். தம் அனுமதியின்றித் தம் பாட்டுக்களை மேடையிற் பாடலாகாதென்று இளையராஜாவின் சார்பில் வழக்கறிஞர் நோட்டீஸ் அவர்க்கும், உடன் பாடிய சித்திரா, சரண் ஆகியோர்க்கும் வந்தது. பாலசுப்பிரமணியம் வாதிடவில்லை, மீதிக் கச்சேரிகளில் மற்றவர் இசையமைத்த பாட்டுக்களைப் பாடுவதாக அறிவித்தார். தமிழுலகம் இரண்டுபட்டது. நட்பை மறந்தார், பொருளாசை கொண்டார் என்று இசையாசிரியரை ஏசினோர் மிகப் பலர். 2019 ஜூனில் இருவரும் மீண்டும் ஒரே மேடையில் தோன்றினர்; 2020 செப்டம்பரில் பாடகர் மறைந்தார். அந்த நட்பின் கதையில் நமக்கு இனி அலுவலில்லை. அதனால் எழுந்த வினாவே இன்றும் நிற்கின்றது.

இளையராஜாவை ஏசினோர் ஒன்றைக் கருதவில்லை. அக்கச்சேரிகளுக்கு வந்தோர் சீட்டு வாங்கியே வந்தனர். அரங்கத்தார் வாடகை பெற்றனர். ஒலிபெருக்கி அமைத்தோர் கூலி பெற்றனர். வாத்தியக்காரரும் பாடகரும் ஊதியம் பெற்றனர். நடத்தினோர் இலாபம் கருதியே நடத்தினர். வந்த மக்கள் கேட்க விரும்பிய பாட்டை ஆக்கியவன் ஒருவன் மட்டும் நட்புக்காக வாளாவிருத்தல் வேண்டுமாம். தச்சனுக்குக் கூலி கேட்க உரிமையுண்டு, கொத்தனுக்கு உண்டு. மெட்டமைத்தோன் கேட்டால் அது பேராசை! இதனை யான் ஒப்புக்கொள்ளேன். எழுதினவர்களின் பங்கு என்ன என்று அச்சமயம் கேட்டவரும் அரியர். கண்ணதாசனும் வாலியும் அப்போது உயிரோடில்லை. அவர்கள் சொற்கள்தாம் மேடையில் இருந்தன. மேலும் 2012க்கு முந்திய படப்பாட்டுக்களின் உரிமை பட முதலாளியிடமா, இசைத்தட்டுக் கம்பெனியிடமா, இசையாசிரியரிடமா என்பது நீதிமன்றங்களில் நீண்டகாலமாக வாதிடப்படும் பொருள். அதனை இங்கே தீர்க்கப் புகுதல் எனக்குத் தகாது.

ஆனால் அந்த நோட்டீஸ் சென்ற விலாசம் பொருத்தமற்றது என்பது என் துணிபு. பாடகர்க்கு அனுப்பியதைக் கச்சேரி நடத்தியவர்க்கு அனுப்பியிருத்தல் வேண்டும். பூர்ஷே கடைக்காரனிடம் சென்றதை இங்கே நினைக்க. பாடுவோனைக் கடன்காரனாக்கினால் நேரும் கேட்டைப் பெரிய பாடகரிடம் காண்பதினும் சிறியவரிடம் காண்பது எளிது. எங்கள் ஊர்ப்பக்கத்து மெல்லிசைக் குழுவில் பாடும் இளைஞர் பலர் பகலில் வேறு தொழில் செய்பவர்; முகூர்த்த நாளும் திருவிழா நாளுமே அவர்க்கு வருவாய் தருவன. அன்றிரவு எப்பாட்டைப் பாட வேண்டுமென்பதைத் தீர்மானிப்பவரும் அவரல்லர். கூட்டத்தில் ஒருவன் சீட்டில் எழுதிக் கொடுப்பதைப் பாடுகின்றனர். ஒவ்வொரு பாட்டுக்கும் உரிமையாளர் யாவர் என்று தேடி, சொல்லுக்கு ஒருவர், இசைக்கு ஒருவர் என்று விண்ணப்பம் எழுதுவது அவரால் ஆகக்கூடியதோ? அங்ஙனம் வற்புறுத்தினால் பாட்டுக்கு உரிமைத்தொகை வாராது; பாட்டுத்தான் நின்றுபோம்.

சட்டமும் என் கருத்துக்கு முற்றும் மாறானதன்று. இலாபம் கருதித் தன் இடத்தை இத்தகைய நிகழ்ச்சிக்கு விடுவோனும், அது உரிமைமீறல் என்பதை அறியாதவனாகவும், அங்ஙனம் ஐயுறக் காரணம் இல்லாதவனாகவும் இருந்தாலன்றி, 51ஆம் பிரிவின்படி பொறுப்பாளியாகின்றான். 1969இல் தோன்றிய இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம் போன்றவை நடத்துவோரிடமிருந்தும் இடத்துக்கு உரியோரிடமிருந்தும் ஒட்டுமொத்தமாகக் கட்டணம் பெற்று லைசென்ஸ் அளிக்கின்றன. ஒரு பாட்டுக்கென்று தனி அனுமதி தேடாமல், அன்றைய நிகழ்ச்சி முழுமைக்கும் ஒரே இடத்திற் கொடுத்துவிடும் இம்முறையே எளிது. அச்சங்கத்தின் உள்விவகாரங்கள் ஒருகாலத்தில் பெரிதும் குறைகூறப்பட்டன; இசைத்தட்டுக் கம்பெனிகளின் கை ஓங்கியிருந்ததென்பது முறையீடு. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் 2017இல் அது மீண்டும் பதிவு பெற்றது. வசூலான தொகை எவ்வளவு, எழுதினோர்க்குச் சென்றது எவ்வளவு என்பதை உறுப்பினர் விழிப்போடு கேட்டுவருதல் வேண்டும். வசூலிப்போர் பலரானால் மக்கள் வெறுப்பர். எங்கோ தங்கினால் பாடலாசிரியர் வெறுப்பர்.

பணத்தைப் பற்றி இவ்வளவு சொன்னபின், பணமே வேண்டாத கடன் ஒன்றையும் சொல்ல வேண்டும். அது பெயர் சொல்லுதல். இவ்விஷயத்தில் நம் முன்னோர் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. திருஞானசம்பந்தர் தம் பதிகத்தின் கடைக்காப்பில் தம் பெயரைப் பதித்தார். முத்துசுவாமி தீட்சிதர் குருகுக என்னும் முத்திரையையும், பாபநாசம் சிவன் இராமதாசன் என்னும் முத்திரையையும் கீர்த்தனத்துள்ளே வைத்தனர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் தம் பாட்டுக்களில் தம் பெயரைப் பாடிவைத்தார். பாடுவோன் விரும்பினும் விரும்பாவிடினும் சரணத்தை முடிக்கும்போது ஆக்கியோன் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சட்டத்தின் 57ஆம் பிரிவு, ஆக்கியோன் உரிமையை விற்றுவிட்ட பின்னும் அவ்வாக்கம் தனதென்று கூறிக்கொள்ளும் உரிமையை அவனுக்கு நிறுத்தி வைக்கின்றது. நம் முத்திரை வழக்கத்தின் வேலையையே அது செய்கிறது எனலாம். செய்யுளினுள்ளே இருந்தது ஏட்டுக்குப் போயிற்று.

சினிமாப் பாட்டில் முத்திரைக்கு இடமில்லை. ஆதலால் மேடையில் நாம் வாயாற் சொன்னாலன்றி எழுதினவர் பெயர் ஒலிப்பதில்லை. ஆயின் நடப்பதென்ன? அறிவிப்பாளர் நடிகர் பெயரைக் கூறுவார். பாடகர் பெயரைக் கூறுவார். பொழுதிருந்தால் இசையாசிரியரைக் கூறுவார். சொல்லை இயற்றியவர் நினைவுக்கு வருவதற்குள் தபேலா தொடங்கிவிடும். கட்டணம் இல்லாத கல்யாண மேடையிலும், விலக்குப் பெற்ற கலாசாலை மேடையிலும் இந்தக் கடனுக்கு மட்டும் விலக்கு இருத்தலாகாது என்பது என் கருத்து. இதற்கு வேண்டுவது ஒரு மூச்சுதான்.

நம் கலாசாலை விழாக்களுக்கு இதனால் ஆக வேண்டியவை சிலவற்றைக் குறிப்பிட்டு முடிக்கிறேன். நிகழ்ச்சி நிரலில் பாடும் மாணாக்கரின் பெயரும் வகுப்பும் அச்சிடப்படுகின்றன. பாட்டை எழுதினவர், இசையமைத்தவர் பெயர்களையும் அதே வரியில் அச்சிடலாம். போட்டிக்கு விண்ணப்பிக்கும்போதே அவ்விரு பெயர்களையும் எழுதித் தரச் சொன்னால், தேடிக் காணும் பழக்கமும் மாணாக்கர்க்கு உண்டாகும். நிகழ்ச்சியைப் படம்பிடித்து இணையத்தில் ஏற்றுவோர், 52ஆம் பிரிவின் விலக்கு மண்டபத்தினுள் இருந்த அவைக்கு அளித்ததேயன்றி உலகத்துக்கு அளித்ததன்று என்பதை அறிதல் வேண்டும்; விடுதியிற் குற்றமில்லாத பாட்டு அங்கே சென்றவுடன் வேறு விதிக்கு உட்படும். மாணவர் தாமே மெட்டமைத்த பாட்டுக்கும் பாரதியார் பாட்டுக்கும் அத்தகைய தொல்லை இல்லை. பாரதியார் பாட்டைப் பிறர் அமைத்த மெட்டிற் பாடினால் மட்டும் அம்மெட்டுக்குரியவரை நினைக்க வேண்டும். வெளியார்க்குச் சீட்டு விற்கும் விழாவாயின், பந்தலுக்கும் மின்விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் தொகை ஒதுக்கும்போதே இதற்கும் ஒன்று ஒதுக்கி, விழா நாளுக்கு முன்பே லைசென்ஸ் பெற்றுவிடுதல் மாணவர் சங்கச் செயலாளரின் வேலை. மேடையேறிப் பாட வரும் மாணாக்கனது வேலையன்று.